அப்பாவின் வாய்க்கரிசி

லெம்பா பெர்த்தாம்
12 மே 2024

அக்காவுக்கு, தம்பி புனிதன் எழுதுவது.

கையால் கடிதம் எழுதி எத்தனை வருஷமாயிற்றோ தெரியவில்லை. வேறு வழி இல்லை. போனில் என்னை பிளாக் செய்து வைத்திருக்கிறீர்கள். என் வீட்டுக்காரி எஸ்தர் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. போன மாதம் லோரிக்காரர் போனை வாங்கிக் கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதனால் இதை ரிங்லெட்டில் ராதாகிருஷ்ணன் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். மச்சான் சனிக்கிழமை சாமான் வாங்க வரும்போது எடுத்துக்கொள்வார்.

விஷயம் இதுதான். செப்டம்பர் வந்தால் அப்பா போய் ஒரு வருஷம். சர்ச்சில் நினைவு ஆராதனை வைக்கிறோம். அதில் வாசிக்க அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பு வேண்டும் என்று போதகர் கேட்டிருக்கிறார். "ஒரு பக்கம் போதும் புனிதன். சும்மா நல்லவரு நல்லவருன்னு எழுதிட்டு வராதீங்கலா, எல்லாரையும் அப்படித்தான் எழுதுறாங்க" என்றார்.

எனக்குத் தெரிந்ததை எழுதிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா கத்தியைத் தொட மாட்டார். கோபிஸ் விலை எவ்வளவு ஏறினாலும் சரி, மழையில் கோஸ் வெடித்துப் போகும் என்றாலும் சரி, திங்கட்கிழமைதான் வெட்டு. அறுப்பின் பண்டிகைக்கு இருப்பதிலேயே பெரிய கோபிஸை ஏலத்துக்குக் கொண்டுபோவார், பிறகு வேறு யாரும் அதை எடுத்துவிடக் கூடாதென்று அவரே ஏலத்தில் எடுத்துப் போதகர் வீட்டுச் சமையலறையில் கொண்டுபோய் வைப்பார். சேற்று வெள்ளம் வந்த வருஷம் பாத்தியெல்லாம் மூடிப்போய், முழங்கால் வரை சேற்றோடு சர்ச்சுக்கு வந்து, பெஞ்சு அழுக்காகிவிடுமென்று நாளிதழை விரித்துக் கடைசியில் உட்கார்ந்தார். பேத்தி நளினி பிறந்த பிறகு மத்தியானச் சாப்பாடு அவளோடுதான். காய் கட்டும் கொட்டகையில் இருவரும் உட்கார்ந்து, மீனில் முள் எடுத்துப் பாதியை அவள் தட்டில் வைப்பார்.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் பிறப்பதற்கு முன்னால் இருந்த அப்பாவை நான் பார்த்ததில்லை. அம்மாவும் இல்லாத இப்போது அது உங்களுக்குத்தான் தெரியும். எந்தத் தோட்டத்தில் பிறந்தார், காய்த்தோட்டம் போட எப்போது இறங்கினார், ஞானஸ்நானம் எப்படி நடந்தது, இவற்றை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

அன்று பெட்டி மூடும் நேரத்தில் நடந்ததைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

புனிதன்


தேயிலைத் தோட்டம், மேல் லயம்
19 மே 2024

தம்பி,

எழுத வேண்டாம் என்றாய் அல்லவா, அதனால் அதைத்தான் முதலில் எழுதுகிறேன்.

நான் ஒரு பிடி பச்சரிசிதான் கொண்டுவந்தேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். மேளம் கேட்கவில்லை, தேங்காய் உடைக்கவில்லை, உங்கள் பாட்டு முடியும் வரை மூலையில் நின்றேன். பெட்டியை மூடப் போகிறார்கள் என்றதும் போய் அப்பா உதட்டில் நாலு அரிசி வைத்தேன். பெத்த அப்பனுக்கு மகள் வாய்க்கரிசி போடுவது குற்றமா? நீ என்ன செய்தாய்? கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அத்தனை பேர் பார்க்க, அப்பா வாயைத் துடைத்தாய். சின்னப் பிள்ளை வாயில் மண்ணைத் துடைப்பது மாதிரி துடைத்தாய். கடைவாயில் ஒட்டியிருந்த ஒன்றைக்கூட விடாமல் விரலை விட்டு எடுத்தாய். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தவள் இன்னும் உன் போனை எடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய்.

சரி, கேட்டதற்குப் பதில். அப்பா இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார், கீழ் லயத்தில், இப்போது பங்களாதேஷ் பையன்கள் இருக்கும் வீட்டில். வேலப்பன் என்று பேர் வைத்தது முருகனுக்கு நேர்ந்துகொண்டு. கொழுந்து எடுத்தார், மருந்து அடித்தார். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தார், இதையும் உன் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள். ஒருநாள் பேர் பதியும் கிராணியோடு சண்டை போட்டுவிட்டு, "இனிமே யாரு நிலத்துலயும் பேர் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிப் பள்ளத்தாக்குக்கு இறங்கினார். நானும் அம்மாவும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனோம்.

நீ வயிற்றில் இருந்தபோது அம்மா பிழைக்க மாட்டாள் என்றார்கள். பக்கத்துப் பாத்திக்காரர் சர்ச்சுக்குப் போகிறவர், அவர் கூட்டிக்கொண்டு வந்த ஆட்கள் முழங்காலில் நின்று ஜெபம் செய்தார்கள். அம்மா பிழைத்தாள், நீ பிறந்தாய். அதனால்தான் உனக்குப் புனிதன், எனக்கு மோகனா. ஞானஸ்நானத்தன்று போதகர் அவருக்கு வில்லியம் என்று பேர் வைக்கப் பார்த்தார். அப்பா தண்ணீரில் நின்றுகொண்டே, "கடவுளுக்கு என்னைத் தெரியும்னா வேலப்பன்னே கூப்பிடட்டும்லா" என்றார். சிரிப்பில் பாதிப் பேர் ஜெபத்தை விட்டுவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். நான் போகவில்லை, கோபிஸ் பாத்திக்குள் படுத்துக்கொண்டேன். அவர் என்னைத் தேடி வந்து, "உனக்கா தோணுறப்ப வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தோன்றவேயில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். சிரிப்பாய், சிரித்துக்கொள். அப்பா இங்கே வருகிறார். மத்தியானம் நான் வேலை விட்டு வரும்போது லயத்துக் கோடியில் தண்ணிக்குழாய் பக்கத்தில் நிற்கிறார். மண் பூட்ஸ், நீலச் சட்டை. உயிரோடு இருந்தபோதும் அங்கேதான் நிற்பார், அதற்கு இந்தப் பக்கம் ஒரு அடி வைத்ததில்லை. மாதம் ஒரு முறை காய் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு அப்படியே திரும்புவார். இப்போது தினமும் வருகிறார். கையில் ஒன்றுமில்லை. வாயைத் திறந்து மூடுகிறார், சத்தம் வரவில்லை. பக்கத்தில் போனால் இல்லை.

பசியோடு போன ஆள் எங்கே போவார்? உன் கைக்குட்டையைக் கேள்.

மோகனா


லெம்பா பெர்த்தாம்
2 ஜூன் 2024

அக்கா,

பெயர் விஷயத்துக்கு நன்றி. வில்லியம் கதையைப் போதகரிடம் சொன்னேன், கட்டாயம் போடுங்கள் என்கிறார். காவடியைப் பற்றி யோசிக்கிறேன்.

இறந்தவர் தண்ணிக்குழாயில் நிற்க மாட்டார். நான் இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. அப்பா ஆண்டவரிடம் இருக்கிறார் என்று நம்பித்தான் அவரை மண்ணில் வைத்தேன். அதில் எனக்குச் சந்தேகம் வந்தால் நான் காலையில் எழுந்து பாத்திக்குப் போக முடியாது.

கைக்குட்டைக்கும் பதில் சொல்கிறேன். கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது அப்பா என் கையைப் பிடித்துச் சொன்னார்: "நான் போனப்புறம் என் வாயில யாரும் எதையும் போட வேணாம்டா. திருவிருந்துல ஆண்டவரு குடுத்தாரு பாரு, அந்த ரொட்டி போதும்." நான் சரி என்றேன். சரி என்று சொன்னவன் செய்யாமல் இருக்க முடியுமா? நீங்கள் முன்பே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உட்கார்ந்து பேசியிருப்பேன். பெட்டியை மூடும் நேரத்தில் வந்து வைத்தீர்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதை நான் மெதுவாகச் செய்திருக்கலாம், அது உண்மைதான்.

இங்கேயும் ஆட்கள் கண்டதைப் பேசுகிறார்கள். அப்பாவின் பூட்ஸைப் பாத்தியில் வேலை செய்யும் நேப்பாளத்துப் பையனுக்குக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டான். காலையில் போடப் போனால் உள்ளே ஈரமாக இருக்கிறதாம், புதுச் சேறு ஒட்டியிருக்கிறதாம். பாத்திமேல் போட்ட பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே எதை வைத்தாலும் ஈரம்தான் என்று சொன்னேன். அவன் கேட்கவில்லை. கடைசிக் கூரைக்குள் தனியாகப் போக மாட்டேன் என்கிறான், அதனால் அந்தத் தக்காளியை நானே பறிக்கிறேன். அங்கே நிற்கும்போது அப்பா கீர்த்தனையை முணுமுணுப்பது கேட்கிறது. வார்த்தை இல்லாமல் மூக்கால் பாடுவாரே, அது. பிளாஸ்டிக்கில் காற்று அடிக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அது முடியும் வரை கூடையைத் தூக்காமல் நிற்கிறேன்.

இதை எழுதியிருக்க வேண்டாம். கிழித்து வேறு எழுத நேரமில்லை, லோரி வந்துவிட்டது.

நளினி இளைத்துப் போயிருக்கிறாள். பள்ளிக்கூடச் சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. வளர்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்கிறாள் எஸ்தர்.

புனிதன்


மேல் லயம்
10 ஜூன் 2024

தம்பி,

ரொட்டி போதும் என்று அப்பா சொன்னாரா? சொல்லியிருப்பார். அவருக்கு எப்போதும் உன்னிடம் சொல்ல ஏதாவது இருந்தது. என்னிடம் "இந்தா காய்" என்பதைத் தவிர என்ன சொன்னார்? "வரேன்." அதையும் திரும்பி நடந்துகொண்டே சொல்வார்.

மாரியம்மன் கோயிலில் என் கல்யாணம் நடந்தபோது சர்ச்சுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே மழையில் நின்றாரே, அதை உன் ஒரு பக்கத்தில் எழுதுவாயா? தாலி கட்டும்போது திரும்பிப் பார்த்தேன். கோயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் குடை இல்லாமல் நிற்கிறார். உள்ளே வரச் சொல்லி உன் மச்சான் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். வரவில்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. கங்கா பிறந்து வளர்ந்து கோலாலம்பூருக்கு வேலைக்கே போய்விட்டாள், தாத்தாவை அவள் பார்த்ததெல்லாம் அந்தக் குழாயடியில்தான். நான் அவருக்கு அசிங்கமாகிவிட்டேன் என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் இருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். இருந்தாலும் காய் வாங்கினேன், ஏனென்றால் வாங்காவிட்டால் அதற்கும் வரமாட்டார்.

நளினி எப்படிச் சாப்பிடுகிறாள்? எஸ்தரை நம்பாதே, நீயே கொட்டகைக்குப் போய் உட்கார்ந்து பார். வளர்கிற பிள்ளை இளைக்காது.

அப்பாவுக்கு ஒரு படையல் போடு. மகன் நீதான் போட வேண்டும், நான் போட்டுப் பார்த்துவிட்டேன், காக்கைகூட வந்து எடுக்கவில்லை. ஒரு இலை, ஒரு பிடி சோறு, அவருக்குப் பிடித்த மிளகாய்ச் சம்பல். உன் ஆண்டவர் அதற்காகக் கோபித்துக்கொள்வார் என்றால் அவர் அப்பாவுக்குத் தெரிந்த ஆண்டவர் இல்லை.

குழாயடியில் நேற்று மழையிலும் நின்றார்.

மோகனா


லெம்பா பெர்த்தாம்
30 ஜூன் 2024

அக்கா,

நீங்கள் சொன்னபடி கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். கூடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்து சோற்றுத் தட்டை வாங்கிக்கொண்டு போனாள். அப்பா உட்காரும் பலகைக்கு முன்னால் இன்னொரு தட்டை வைத்தாள். பாதிச் சோறு, பாதி மீன், முள்ளை எடுத்துவிட்டு வைத்தாள். பிறகு தன் தட்டைப் பார்த்தாள், அதிலிருந்தும் எடுத்து அங்கே போட்டாள். கடைசியில் அவளிடம் இருந்தது இரண்டு வாய். அதைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நான் திரும்பி வந்து பார்த்தபோது அந்தத் தட்டு காலி. கொட்டகையில் நாய் இருக்கிறது, எலி இருக்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும்.

திட்டினேன். தட்டைப் பிடுங்கினேன். அன்றிலிருந்து தன் பங்கையும் தொட மாட்டேன் என்றுவிட்டாள். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடம்பில் ஒன்றும் இல்லை என்றார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். அங்கே ஒரு தமிழ் நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்மா சாப்பிட மாட்டேங்கற?" என்று கேட்டார். நான் கட்டிலின் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நளினி என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"தாத்தாவுக்குப் பசிக்கும். அத்த சோறு குடுத்தாங்க. அப்பா வாய்க்குள்ள கைய விட்டுப் புடுங்கிட்டாரு."

அன்று அவள் பெட்டியின் கால்மாட்டில் நின்றிருக்கிறாள், அக்கா. நான் கவனிக்கவேயில்லை. சபை பார்க்கிறதே என்றுதான் நினைத்தேன், பிள்ளை பார்க்கிறாள் என்று நினைக்கவில்லை.

தாத்தாவுக்குப் பசி இல்லை, அவர் பரலோகத்தில் இருக்கிறார் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிவிட்டேன். போதகர் வந்து சொன்னார். எஸ்தர் அழுதுகொண்டே சொன்னாள். "நீங்க புடுங்கினவரு, நீங்க சொல்லக் கூடாது" என்கிறாள். அத்தை வந்து சொல்லட்டும் என்கிறாள். உங்களைத்தான் நம்புகிறாள், கொடுத்தது நீங்கள் என்பதால்.

வந்து சொல்லுங்கள். தாத்தாவுக்குப் பசி இல்லை என்று ஒரு வார்த்தை.

படையல் என்னால் போட முடியாது. அப்பாவுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். அதைத் தவிர வேறு எது கேட்டாலும் செய்கிறேன்.

இன்னொன்று. இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். நீங்கள் அவருக்கு அசிங்கமாகிவிட்டதாக எழுதியிருந்ததைப் படித்த பிறகு வைத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு தடவை உங்கள் லயத்திலிருந்து திரும்பும்போது லோரியில் கேட்டேன், ஏன் உள்ளே போகமாட்டேன் என்கிறீர்கள் என்று. பிறகு சொன்னார்: "கதவத் தொறந்தா நேரா சாமி மேடைடா. சம்பந்தி வீட்டுச் சாமி. கும்புடாம அதுக்கு முன்னாடி உக்காந்து சாப்புட்டா அவங்க மனசு வாடும். கும்புட்டா நான் தண்ணியில நின்னு குடுத்த வாக்கு போயிரும். பொழப்பே மோகனாவுக்கு அங்கதான், என்னால ஏன் சங்கடம்? கொழாயடியிலயே நின்னுக்குவோம்." அக்காவிடம் சொல்லிவிடாதே, மாப்பிள்ளை அவர் வீட்டை நான் குறை சொன்னதாக நினைப்பார் என்றார். கோயில் வாசலில் நின்றதும் அதனால்தான்.

வாருங்கள், அக்கா.

புனிதன்


மேல் லயம்
7 ஜூலை 2024

தம்பி,

உன் கடிதத்தை உன் மச்சான் சத்தமாகப் படித்தார், என் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. குழாயடிப் பகுதியைப் படித்துவிட்டு அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை.

சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன். வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லியிருந்தால் பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டிருப்பேனே. மாமனார் மாமியார் போன பிறகாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அவர் மேல் வருகிற கோபத்துக்கு அளவே இல்லை. அழுகையும் வருகிறது.

நளினிக்காக என்றால் நான் இன்றைக்கே ஓடி வர வேண்டியவள். இருந்தும் இரண்டு நாளாக வாசலில் செருப்பைப் போடுகிறேன், கழற்றுகிறேன். என்னவென்று உனக்குச் சொல்கிறேன், நீ யாரிடமும் சொல்லாதே. அவருக்குப் பசி இல்லை என்று நான் என் வாயால் சொன்னால் அவர் இங்கே வருவது நின்றுவிடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. மாதம் ஒரு முறை வந்த அப்பா இப்போதுதான் தினமும் வருகிறார். மத்தியானம் ஆகிறதே என்று வேலையை வேகமாக முடிக்கிறேன். வரும் வழியில் தலையைச் சரிசெய்துகொள்கிறேன். அவர் வாயைத் திறந்து மூடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லைதான், ஆனாலும் என்னைப் பார்த்துத்தான் திறக்கிறார்.

உனக்குச் சர்ச் இருக்கிறது, பாத்தி இருக்கிறது, அவர் கல்லறை இருக்கிறது. எனக்கு இது ஒன்றுதான்.

பெரியவள் இப்படி எழுதலாமா என்று கேட்காதே. கொஞ்சம் பொறு.

மோகனா


லெம்பா பெர்த்தாம்
10 ஜூலை 2024

அக்கா,

நீங்கள் எழுதியதை யாரிடமும் சொல்லவில்லை. எஸ்தரிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று காலையில் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கும்போது நளினி மயங்கி விழுந்துவிட்டாள். டீச்சர் காரில் போட்டுக் கொண்டுவந்தார். உதடு வெளுத்துக் கிடக்கிறது. சோற்றை வாயருகே கொண்டுபோனால் என் கையைத்தான் பார்க்கிறாள், அந்தக் கையை.

இதற்கு மேல் எழுத முடியவில்லை. இதை ராதாகிருஷ்ணன் கடையில் வைக்காமல் லோரிக்காரரிடம் கொடுத்து உங்கள் வீட்டுக்கே அனுப்புகிறேன்.

புனிதன்


மேல் லயம்
21 ஜூலை 2024

தம்பி,

நளினி விழுந்த செய்தி வந்த அன்று உன் மச்சான் மோட்டாரில் கொண்டுவந்து இறக்கிவிட்டதும் நான் உன்னிடம் பேசாமல் நேரே கொட்டகைக்குள் போனேன், அதற்காக வருத்தப்படாதே. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். தாத்தா கனவில் வந்து சொன்னார் என்று சொல்லலாம், அவருக்கு மேலே விருந்து நடக்கிறது என்று சொல்லலாம், இப்படி என்னென்னவோ. உன் முகத்தைப் பார்த்தால் எல்லாம் மறந்துவிடும் என்று பயந்தேன்.

நீ வெளியே கூடைகளுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாய். உள்ளே நடந்தது உனக்குச் சரியாகத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

அவள் சாக்கின்மேல் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் இரண்டு தட்டு. ஒன்றில் சோறு நிறைய, சார்டின் மீன் குழம்பு, ஒரு முட்டை. இன்னொன்றில் ஒன்றுமில்லை. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தாள், காலில் பலமில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்தது அப்பாவின் பலகை என்று உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

"அத்த, தாத்தாவுக்கு இன்னும் பசிக்குதா?"

நேராகக் கேட்டுவிட்டாள். மனப்பாடம் செய்தது எதுவும் வரவில்லை. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தேன், கோழிக்கால் மாதிரி இருந்தது. எனக்கு அப்போது யார்மேல் கோபம் வந்தது தெரியுமா? என்மேல்தான். குழாயடியில் நிற்கிறவரை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நான் செருப்பைப் போட்டுக் கழற்றிய நாளெல்லாம் இவள் இங்கே காய்ந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"தாத்தாவுக்குப் பசியில்லம்மா. எனக்குத்தான் பசி" என்றேன்.

சொல்லிவிட்டுத் தாத்தாவுக்கென்று வைத்த தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு பருக்கை விடாமல் தின்றேன். உண்மையாகவே எனக்கு அவ்வளவு பசி இருந்தது, புனிதா. எத்தனை வருஷத்துப் பசி என்று தெரியவில்லை. முட்டையைப் பிட்டுப் பாதியை அவள் தட்டில் வைத்தேன், அவள் உடனே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். யாரும் சொல்லாமலே போட்டுக்கொண்டாள். "அத்த, நீங்க தாத்தா மாதிரியே ஒரு பக்கமா மெல்றீங்க" என்றாள். பிறகு இன்னும் சோறு வேண்டும் என்று கத்தினாள், அதுதான் உனக்குக் கேட்டது. எஸ்தர் சட்டியோடு ஓடி வந்ததும், நீ கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுததும் எனக்குத் தெரியும். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நான் சொன்னது பொய்யா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. மறுநாள் வேலை விட்டு வந்தேன். குழாயடியில் யாரும் இல்லை. பங்களாதேஷ் பையன் ஒருவன் வாளி நிரப்பிக்கொண்டிருந்தான். அதற்கடுத்த நாளும் இல்லை. இன்றைக்கும் இல்லை. வேலையை வேகமாக முடிக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை, வந்து நின்று வெறும் குழாயைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறேன். அன்று பெட்டியை மூடியபோது எனக்கு அழ நேரமில்லை, உன்மேல் இருந்த கோபமே போதுமாக இருந்தது. இப்போதுதான் அப்பா செத்துப்போனார் என்று அழுகிறேன். லயத்தில் எல்லாரும் என்னவோ புதிதாக நடந்துவிட்டது என்று வந்து விசாரிக்கிறார்கள்.

உன் ஒரு பக்கத்தில் இப்படி எழுதிக்கொள். வேலப்பன், காய் போட்டவர், ஞாயிற்றுக்கிழமை கத்தியைத் தொடாதவர், பேத்திகளின் தாத்தா, பேரை மாற்றிக்கொள்ளாதவர். காவடி எடுத்ததை எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. மகள் வீட்டுக்குள் வராதவர் என்று மட்டும் எழுதிவிடாதே. அது நமக்குள் இருக்கட்டும். செப்டம்பரில் நான் வருவேன், கையில் ஒன்றும் கொண்டுவர மாட்டேன், கடைசிப் பெஞ்சில் உட்காருவேன்.

அதற்கு முன்னால் நீ இங்கே வர வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நளினியையும் எஸ்தரையும் கூட்டிக்கொண்டு வா. உன் கடிதத்தைப் படித்துவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போனாரே உன் மச்சான், ரிங்லெட் துணிக்கடைக்குத்தான் போயிருக்கிறார். துணி தைத்து வந்த அன்று ஸ்டூலைப் போட்டு ஏறி, சாமி மேடைக்கு முன்னால் ஒரு திரை மாட்டினார். இழுத்தால் மூடிக்கொள்ளும், விலக்கினால் திறந்துகொள்ளும். இத்தனை வருஷமும் இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது, எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கீழே இறங்கியதும் உன் மச்சான் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, "மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா நானு" என்று அழுதார்.

வரும்போது காய் எதுவும் கொண்டுவராதே. லோரியைக் குழாயடியில் நிறுத்திவிட்டு நடந்து உள்ளே வா. திரையை நானே இழுத்துவிடுகிறேன். நீ உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அக்கா மோகனா